நான்கு நிமிட விடியல்

டிசம்பர் முதல் தேதி காலையில் என் கணவன் டாமசோ இரண்டு சட்டையையும் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு அவன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவான். ஜனவரி முதல் தேதிதான் திரும்பி வருவான். கல்யாணமான பன்னிரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. நான் மேட்டுக்காரி, அவன் பாலத்துக்காரன், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அந்த ஒரு மாதம் மட்டும் மேடும் பாலமும் ஒரே கூரையின் கீழ் படுத்துக்கொள்ள முடியாது.

கியூபாவின் நடுவில், கரும்புக் காட்டுக்குள் கிடக்கும் ஊர் சாந்தா பிரிகிதா. இருப்பது இரண்டே பேட்டை. தேவாலயத்துக்கு மேலே மேடு, கீழே பாலத்தடி. எங்கள் சின்னம் சேவல், அவர்களுடையது ஆமை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் பர்ராந்தா திருவிழா. சதுக்கத்தில் இரண்டு பேட்டையும் எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு விளக்குக் கோபுரம் எழுப்பி, ஒருவர் கண்ணை ஒருவர் கூசவைத்து, காது கிழிய வெடி வெடித்து, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வோம். நடுவர் என்று யாரும் கிடையாது. இரண்டு பக்கமும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றுதான் சொல்லும். உண்மையில் தோற்றது யார் என்பது மறுநாள் எந்தப் பேட்டைக்காரர்கள் ரொட்டி வாங்க வெளியே வரவில்லை என்பதில் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு தோல்வியை மட்டும் யாராலும் மறைக்க முடியாது. கோபுரம் எரியாமல் போனால் எதிர்ப்பேட்டை அந்த இடத்திலேயே அதற்குச் சாவு எடுக்கும். அதற்கென்று இரண்டு பேட்டையும் வருடா வருடம் ஒரு சவப்பெட்டியைத் தயாராகவே வைத்திருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் சேவலுக்கு அப்படிச் சாவு எடுத்தார்கள். அதற்கப்புறம் பிறந்த மேட்டுக் குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

எங்கள் பேட்டையின் தலைவர் ஆர்செனியோ. அறுபத்தெட்டு வயது, தச்சர், குரல் மட்டும் இருபது வயது. முப்பது வருடமாக எங்கள் விளக்குகளை ஆட்டிவைத்தது அவர் செய்த மர உருளைதான். உருளையில் செம்புத் தகடு அடித்திருக்கும், சுற்றச் சுற்றத் தகடு கம்பியைத் தொடும், தொட்ட விளக்கு எரியும், விட்ட விளக்கு அணையும். எரியும், அணையும். முப்பது வருடமாக அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. நானோ மின்னணுவியல் படித்துவிட்டு, ஊரார் குக்கரும் வாஷிங் மெஷினும் பழுது பார்த்துப் பிழைக்கிறவள். ஒவ்வொரு வருடமும் "விளக்கு வேலைக்கு நான் வரேன்" என்று கேட்பேன். ஒவ்வொரு வருடமும் என்னை ஜிகினா தைக்க அனுப்பிவிடுவார்கள். எட்டு வருடம் தைத்தேன். ஜிகினாவைக் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

போன வருடம் மழையில் உருளை உளுத்துப் போனது. அப்போதுதான் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"அண்ணே, இந்த வருஷம் சேவலுக்குப் பின்னாடி விடியட்டும். நிஜமா விடியற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா, நாலு நிமிஷம். பாலத்தான் எவனும் அப்படி ஒண்ணைப் பார்த்திருக்கவே மாட்டான்."

"நாலு நிமிஷமா? அதுக்குள்ள ஜனம் பன்னி வறுக்கிற கடைக்குப் போய் சாப்பிட்டுட்டு வந்துடும்."

"போகாது. நான் பாத்துக்கறேன்."

ஆர்செனியோ என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது பேர் இருந்த கூட்டம் அது.

"சரி பொண்ணே. ஒரே ஒரு வருஷம். அசிங்கமாச்சுன்னா நீ ஜிகினாப் பக்கம் திரும்பிப் போயிடணும். அப்புறம் சாகற வரைக்கும் விளக்குப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

நாற்பது பேர் முன்னால் சம்மதம் என்று சொன்னேன்.

சாமான் கிடைப்பதில் பெரிய கஷ்டம் இல்லை. கட்டைவிரல் அளவில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு இருந்தது, மயாமியிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா எல்.இ.டி. பட்டைகளை அனுப்பியிருந்தாள். அந்தச் சில்லு விளக்கை நொடிக்கு ஐந்நூறு முறை ஏற்றி ஏற்றி அணைக்கும். அவ்வளவு வேகத்தில் கண்ணுக்கு அணைவது தெரியாது. ஏற்றியிருக்கும் நேரம் கூடினால் வெளிச்சம் கூடும், குறைந்தால் குறையும். எந்த நொடியில் எவ்வளவு நேரம் ஏற்றவேண்டும் என்று சில்லுக்கு ஒரு எண் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராக எழுதிக் கொடுத்தேன். படித்தவள் என்கிற திமிர், வேறென்ன.

பழைய புகையிலைக் கிடங்கில்தான் எங்கள் வேலை. அங்கே ஆர்செனியோ முன்னிலையில் முதல் விடியலைப் போட்டுக் காட்டினேன். போட்டவுடனே வெளிச்சம் குபீரென்று கிளம்பியது. முதல் அரை நிமிடத்திலேயே முக்கால்வாசி விடிந்துவிட்டது. மீதி மூன்றரை நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆர்செனியோ கொட்டாவி விட்டார்.

"இதென்ன விடியலா? சுவிட்ச் போட்ட மாதிரி இருக்கு. சூரியன் என்ன பஸ்ஸைப் பிடிக்க ஓடுதா?"

எண்களில் தப்பில்லை, அளந்து பார்த்துவிட்டேன். வெளிச்சம் சரியான வேகத்தில்தான் கூடியது. தப்பு கண்ணில் இருந்தது. காலியாக நிற்கும் பஸ்ஸில் ஒரு ஆள் ஏறினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், படியில் ஆள் தொங்கும் பஸ்ஸில் இன்னொருவர் ஏறினால் யாருக்கும் தெரியாது. கண்ணும் அப்படித்தான். இருட்டில் துளி கூடினாலும் அதற்குப் பெரிதாகத் தெரியும், நல்ல வெளிச்சத்தில் ஒரு குடம் கொட்டினாலும் உறைக்காது. ஆகவே கூட்டிக்கொண்டே போகக் கூடாது, பெருக்கிக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு படியும் முந்தின படியைவிட அதே விகிதத்தில் பெரிதாக இருக்கவேண்டும்.

அதைச் செய்ததும் அடுத்த தலைவலி வந்தது. அடியிலே ஒன்றுக்கு அடுத்து இரண்டு. அது ஒரேயடியாக இரட்டிப்பு! சேவலின் கால் பக்கம் வெளிச்சம் மெதுவாக ஏறாமல் நொண்டி நொண்டி ஏறியது. முழு வெளிச்சத்தை இருநூற்றைம்பத்தாறு துண்டாக வெட்டி வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். அறுபத்தைந்தாயிரம் துண்டாக வெட்டும்படி சில்லை மாற்றி எழுதினேன். பத்து நாள் தூக்கம் போனது. கடைசியில் கிடைத்த பட்டியலில் முதல் இரண்டு நிமிடம் முழு வெளிச்சத்தின் இருநூற்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. ஆனால் கிடங்கில் உட்கார்ந்து பார்த்தால் பாதி விடிந்துவிட்டது என்று கண் சத்தியம் செய்யும்.

ஜிகினா தைக்கும் பெண்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "எப்ப ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சதும் கை தட்டுங்க" என்றேன். மூன்று பேரும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சேவலின் கொண்டை முழுசாகத் தெரிந்த பிறகு எடெல்மிரா கையைக் கீழே போட்டாள்.

"அடிப்பாவி நியுர்க்கா, எப்படி ஏமாத்தினே? ஆரம்பிக்கவே இல்லியே, ஆனா விடிஞ்சிருச்சே!"

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்செனியோகூட "ம்" என்றார். அவர் வாயிலிருந்து "ம்" வருவது எங்கள் பேட்டையில் பெரிய விருது.

கிடங்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பாலத்தார் உளவு பார்ப்பார்கள், நாங்களும் பார்ப்போம், அது திருவிழாவின் ஒரு பகுதி. அதனால் ஜன்னல்களுக்கெல்லாம் இரட்டைச் சாக்கு, கதவிடுக்கில் கந்தல், சாவித் துவாரத்தில் பஞ்சு. பகலிலும் உள்ளே போனால் சொந்தக் கை தெரியாது. அந்த இருட்டுக்குள்தான் ஒரு மாதம் முழுக்க நான் கண்ணை வைத்துப் பட்டியலைத் திருத்தினேன். சதுக்கத்தில் ஒருநாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது, பார்த்தால் பாலத்தான் பார்த்துவிடுவான். கோபுரம் எழும்பிய பின்னும் திருவிழா வரைக்கும் தார்ப்பாய் போர்த்தியே கிடக்கும். இதில் என்ன ஆபத்து என்று எனக்கும் தோன்றவில்லை, எங்கள் ஊரில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

டிசம்பர் பதினைந்தாம் தேதி டாமசோ வீட்டுக்கு வந்தான். காப்பிப் பாத்திரத்தை மறந்துவிட்டானாம். அவன் அம்மா வீட்டில் மூன்று காப்பிப் பாத்திரம் இருக்கிறது. அவனும் என்னோடு ஒரே வகுப்பில் மின்னணுவியல் படித்தவன், இப்போது சர்க்கரை ஆலையில் வேலை, பாலத்தாரின் விளக்குக் கோபுரம் முழுக்க அவன் பொறுப்பு.

"என்னடி, இளைச்சுட்டே? சாப்பிடறதில்லியா?"

"மேட்டுச் சோறு நல்லா செரிக்குது. பாத்திரத்தை எடுத்துக்கிட்டு கிளம்பு."

"ஒரு வாய் காப்பி குடுக்க மாட்டியா? புருஷன்டி."

"ஜனவரில புருஷன். இப்ப உளவாளி."

காப்பி போட உள்ளே போனேன். வேண்டுமென்றேதான் போனேன், வேண்டுமென்றேதான் அடுப்பை மெதுவாக மூட்டினேன். சாப்பாட்டு மேசைமேல் என் கையெழுத்தில் ஒரு பட்டியல் கிடந்தது, மேலே 'விடியல், இறுதி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும் அந்தப் பழைய உதவாக்கரைப் பட்டியல்தான், பார்த்தவுடன் புரியாதபடி ஒரே எண்ணால் பெருக்கி வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது அவன் போனைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான், முகத்தில் பால் வடிந்தது. காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். பாத்திரத்தையும் மறந்துவிட்டான்.

இருபத்து நான்காம் தேதி வந்தது. முதல் முறை பாலத்தாருக்கு. ஆமையின் முதுகுக்குப் பின்னால் மெதுவாக நிலா எழும் என்று ஒலிபெருக்கியில் பெருமையடித்தார்கள். இசைக்குழு வாசித்தது. சுவிட்சைப் போட்டார்கள். நிலா குபீரென்று எழுந்து, அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா நின்றது.

எங்கள் பக்கம் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நிலாவுக்கு யாருடா பின்னாடி ஊசி குத்தினது?" என்று எடெல்மிரா கத்தினாள். சதுக்கத்துக்கு அந்தப்புறம் டாமசோ என்னைப் பார்த்தான். நான் காப்பி குடிப்பதுபோல் கையைக் காட்டினேன். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அடுத்து நாங்கள். தார்ப்பாய் விழுந்தது. நான் கோபுரத்துக்குப் பின்னால், கம்பிகளுக்கு நடுவில், சின்ன மேசை முன் நின்றேன். பக்கத்தில் ஆர்செனியோ. பொத்தானை அழுத்தினேன். மேசைமேல் இருந்த சின்னத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. எல்லாம் சரி.

பத்து நொடி. இருபது நொடி. எட்டிப் பார்த்தேன். கோபுரம் கன்னங்கரேலென்று நின்றது.

நாற்பது நொடி. கம்பியில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், மின்சாரம் ஓடுகிறது. ஒரு பட்டைக்குக் கிட்டே போய்க் கையைக் குவித்து மறைத்துப் பார்த்தேன். குவித்த கைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது! அழகாக, ஒரு நடுக்கமும் இல்லாமல், நான் சொன்ன வேகத்தில் கூடிக்கொண்டிருந்தது. கையை எடுத்ததும் காணோம்.

அப்போதுதான் சதுக்கத்தைப் பார்த்தேன். பன்றிக் கடைகளில் வரிசையாக வெள்ளைக் குழல்விளக்குகள். தேவாலய முகப்பில் இந்த வருடம் புதிதாகப் போட்ட பெரிய விளக்கு. எதிரே பாலத்தாரின் நிலா முழு வெளிச்சத்தில் உறுமிக்கொண்டு நின்றது. காலி பஸ்ஸுக்கு எழுதிய கணக்கை நான் படியில் ஆள் தொங்கும் பஸ்ஸில் கொண்டுவந்து வைத்திருந்தேன். கண் எந்த வெளிச்சத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அதன் கணக்கும் என்று தெரியாதவளா நான்? தெரியும். ஒரு மாதம் இருட்டிலேயே உட்கார்ந்து மறந்துபோனேன்.

"என்ன பொண்ணே ஆச்சு?" ஆர்செனியோவின் குரல் உடைந்தது.

சதுக்கத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "கரண்ட் கட்டு!"

எங்கள் ஊரில் அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. அது பற்றிக்கொண்டது. "கரண்ட் கட்டு! கரண்ட் கட்டு!" என்று பாலத்தடி முழுக்கக் குதித்தது. "குக்கர்ல விசில் வரலியா நியுர்க்கா?" என்று இன்னொரு குரல். என் சொந்தப் பேட்டை ஆட்கள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் கல்லால் அடித்திருக்கலாம்.

ஒன்றரை நிமிடம் ஆனபோது சவப்பெட்டி வெளியே வந்தது.

ஆர்செனியோ என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எல்லாத்தையும் முழுசாப் போட்டுடு! பளிச்சுன்னு எரியட்டும்! விடியலும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், எரிஞ்சாப் போதும்!"

போட்டிருக்கலாம். ஒரே பொத்தான்தான். சேவல் பளிச்சென்று எரிந்திருக்கும், சாவு நின்றிருக்கும். சும்மா காத்திருந்தாலும் கடைசி நிமிடத்தில் திடுமென்று தெரிந்திருக்கும். ஆனால் சுவிட்ச் போட்டது போன்ற விடியலுக்கா நான் எட்டு வருடம் காத்திருந்தேன்? மறுநாள் காலையிலேயே என் கையில் ஊசியும் நூலும் கொடுத்திருப்பார்கள். விரல் பொத்தான்மேல் இருந்தது. அந்த நேரத்தில்தான் பாலத்தார் பக்கம் டாமசோவின் குரல் கேட்டது.

"டேய், சாவு வீட்டுல விளக்கு எரியலாமாடா? எல்லாத்தையும் அணைங்க!"

எங்கள் ஊர் வழக்கம் அது. பிணம் தெருவில் போகும்போது மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியும். பாலத்தார் எதைச் செய்தாலும் முறையாகச் செய்வார்கள். முதலில் அவர்களுடைய நிலா அணைந்தது. பிறகு அவர்கள் கடைகள். தேவாலய விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பாலத்தடி, சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அதையும் அணைத்தான். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களிடமும் "மரியாதை குடுங்கப்பா, செத்தது உங்க சேவல்தானே" என்று கேலி செய்தார்கள். வெட்கத்தில் அவர்களும் அணைத்துவிட்டார்கள்.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். பட்டியலை நிறுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனேன். பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"என்ன பண்றே?"

"செத்துப்போச்சு அண்ணே."

"என்ன?"

"சில்லு செத்துப்போச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஆர்செனியோவுக்கு முகத்தில் ஒன்றையும் மறைக்கத் தெரியாது. அவர் முகம் மலர்ந்தால் பாலத்தான் மோப்பம் பிடித்துவிடுவான், நொடியில் எல்லா விளக்கும் திரும்ப எரியும். அவர் நொந்து சாகவேண்டும், ஊர் அதைப் பார்க்கவேண்டும். பாவம், அவர் அதை மிக நன்றாகச் செய்தார். தொப்பியைத் தரையில் அடித்து, என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டி, படியில் உட்கார்ந்து அழுதேவிட்டார். எடெல்மிரா வந்து "உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சதுக்கத்தில் நிற்பவர்களின் கண்கள் இருட்டுக்குப் பழகவேண்டும். அதற்கு நேரம் கொடுக்கவேண்டும்.

ஊர்வலம் சதுக்கத்தைச் சுற்றத் தொடங்கியது. இசைக்குழு சாவு மேளம் வாசித்தது. பெட்டியின் தலைமாட்டில், கறுப்புச் சால்வையால் முக்காடு போட்டுக்கொண்டு, விதவையாக மாரடித்துக்கொண்டு வந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? என் கணவன்தான்.

"அய்யோ என் ராசா சேவலே! கூவாமலே போயிட்டியே! ஒரு பொட்டு வெளிச்சம் பார்க்காம போயிட்டியே!"

"போயிட்டியே!" என்று ஐந்நூறு பேர் பின்பாட்டுப் பாடினார்கள்.

"குக்கர் தொட்ட கையால உன்னைத் தொட்டாளே! அப்பவே நெனச்சேனே, விசிலுக்குப் பொறந்தவ விளக்குக்கு ஆகமாட்டான்னு நெனச்சேனே!"

நன்றாகத்தான் ஒப்பாரி வைத்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். காப்பிப் பட்டியலுக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டிருந்தான். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் பெட்டி சதுக்கத்து மூலையில் இருக்கும் கிணற்றைத் தாண்டியதும் பொத்தானை அழுத்தினேன்.

முதல் நிமிடம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இருட்டையே முறைத்துக்கொண்டு நின்றேன். இதுவும் தோற்றால் என்ன செய்வது என்று என்னிடம் ஒரு யோசனையும் இல்லை.

முதலில் நிறுத்தியது எக்காளம் ஊதுகிறவன். குனிந்து தன் இசைத்தாளைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனின் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துவிட்டு மறுபடி பார்த்தான். கோடுகள் தெரிகின்றன. அவன் நிறுத்தியதும் அடுத்தவன் நிறுத்தினான். மேளம் மட்டும் இன்னும் கொஞ்சம் தூரம் தனியாக நடந்தது. பெட்டி தூக்குகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பார்க்க முடிகிறதே என்று திகைத்தார்கள். ஒரு கிழவி தன் கையை முன்னால் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருட்டு எங்கேயும் கிழியவில்லை, ஓர் இடத்திலும் 'இதோ' என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் சேவலின் கொண்டைக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.

"டேய், விளக்கைப் போடுங்கடா!" என்று பாலத்தார் பக்கம் யாரோ ஒருவன் அலறினான். ஓடினார்கள். ஆனால் கூட்டம் வழிவிடவில்லை. அவர்கள் ஆட்களே வழிவிடவில்லை, வாயைப் பிளந்து நின்றார்கள். அவர்கள் சுவிட்சைத் தேடிப் பிடிப்பதற்குள் எங்கள் சேவல் வால் முதல் மூக்கு வரை தங்கமாக நின்றது. சதுக்கம் முழுக்கப் பகல். நடுவில் காலிச் சவப்பெட்டியோடு பாலத்தார் அசடு வழிய நின்றார்கள்.

மேட்டுக்காரர்கள் போட்ட கூச்சலில் வெடிச் சத்தம் கேட்கவில்லை. ஆர்செனியோ படியிலிருந்து எழுந்தார். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை, அதற்குள் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டார்.

"என்ன பாலத்தடி, சாவு நல்லா நடந்துச்சா? எல்லாம் நாங்க போட்ட திட்டம்டா! நானும் நியுர்க்காவும் ஒரு மாசமா உக்காந்து போட்ட திட்டம்! நான் அழுதேனே, நம்பிட்டீங்களா? அடுத்த வருஷம் இவ என்ன பண்ணப் போறான்னு இப்பவே நடுங்குங்க!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனேயே போய்விட்டது. அடுத்த வருஷம் என்று ஊரறியச் சொல்லிவிட்டாரே! இனி அவர் நினைத்தாலும் என்னை ஜிகினாப் பக்கம் அனுப்ப முடியாது.

கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு டாமசோ கோபுரத்துக்குப் பின்னால் வந்தான். முக்காடு கழுத்தில் கிடந்தது. அழுத மாதிரி பூசிய மை தாடைவரை வழிந்திருந்தது.

"எந்த நிமிஷத்துல ஆரம்பிச்சே? சொல்லு. நான் தலைமாட்டிலதான் நின்னேன். எனக்கே தெரியலடி."

பெரிதாக ஏதாவது சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"டாமசோ, நான் தோத்துட்டேன்டா."

"என்னது?"

"முதல் தடவை நிஜமாவே தோத்துட்டேன். விளக்கு எரிஞ்சுது, யார் கண்ணுக்கும் தெரியல. இருட்டுல உக்காந்து எழுதின பட்டியல். இவ்வளவு வெளிச்சத்துல அது எடுபடல. நீங்க மட்டும் எல்லாத்தையும் அணைக்காம இருந்திருந்தா நாளைக்கு நான் ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருப்பேன்."

அவன் எங்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அணைக்கச் சொன்னது யாரு?"

"நீதான்."

"தேவாலய விளக்கையும்?"

"அதையும்தான். முறையா செய்யணும்னு நீதானே குதிச்சே."

கம்பிச் சுருள்மேல் தொப்பென்று உட்கார்ந்தான். "அப்ப இந்த வருஷம் மேட்டை ஜெயிக்கவச்சது…"

"போய்ச் சொல்லு உங்க ஆளுங்ககிட்ட. நியுர்க்கா தோத்துட்டான்னு தாராளமா சொல்லு. எப்படி ஜெயிச்சான்னும் சேத்துச் சொல்லு."

"சொன்னா அந்தப் பெட்டி காலியா போகாதுடி."

சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க எப்படியோ அழுகை வந்துவிட்டது. அந்த நான்கு நிமிடமும் நான் எவ்வளவு பயந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் எழுந்து வந்து சால்வை நுனியால் என் முகத்தைத் துடைத்தான். மை முழுக்க என் கன்னத்தில் அப்பியது.

சதுக்கத்திலிருந்து பாலத்தார் அவனைக் கூப்பிட்டார்கள். "டாமசோ! அந்தச் சனியன் பிடிச்ச விளக்கை எப்ப போட்டாளாம்? கேட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி, ஒப்பாரி வைத்த அதே குரலில் கத்தினான்.

"கேட்டேன்! கெட்டிக்காரி, சொல்ல மாட்டேங்கிறா!"

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவன் அம்மா வீட்டுப் பக்கம் நடந்தான். ஜனவரிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பன்னிரண்டு டிசம்பரில் தன் பேட்டையிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. அதில் எவ்வளவு தனக்காக, எவ்வளவு எனக்காக என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.